நஷ்டம் யார் தலையில்? – கிரெடிட் கார்டு மோசடியின் கதை

2002-ஆம் ஆண்டு மே மாதம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் ஊரில் உள்ள சொந்தபந்தங்களுக்குப் பொருள் வாங்கி அனுப்புவதற்காக நடத்தப்பட்ட 'சோனி சம்பந்த்' என்ற இணையதளத்துக்கு ஓர் ஆர்டர் வருகிறது. ஒரு கலர் டிவி, கூடவே ஒரு கம்பியில்லா ஹெட்ஃபோன். கொடுக்கப்பட்ட கார்டு ஓர் அமெரிக்கப் பெண்மணியுடையது. பொருள் போய்ச் சேர வேண்டிய இடம் டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் நொய்டா. கார்டு நிறுவனம் பணத்துக்குப் பச்சைக்கொடி காட்டிவிட்டது. கடைக்காரர்களும் கொஞ்சம் ஜாக்கிரதையானவர்கள்தான். டிவியை வாங்கிக்கொண்ட இளைஞரை அங்கேயே டிஜிட்டல் கேமராவில் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து கார்டு நிறுவனத்திடமிருந்து தகவல் வருகிறது. அந்த அம்மா, தான் எதையும் வாங்கவே இல்லை என்கிறாராம்!

புகார் சி.பி.ஐ.க்குப் போனது. விசாரித்தால், டிவி வாங்கிய இளைஞர் நொய்டாவில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தவர். அங்கே இருந்தபோது அந்த அமெரிக்க வாடிக்கையாளரின் கார்டு எண் கையில் கிடைத்திருக்கிறது. டிவியும் ஹெட்ஃபோனும் மீட்கப்பட்டன, குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். வயது 24, இதற்கு முன் எந்தக் குற்றமும் இல்லை என்பதால் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டது. 2003-இல் வந்த இந்தத் தீர்ப்பைத்தான் இந்தியாவின் முதல் சைபர் குற்றத் தீர்ப்பு என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். (இதில் ஒரு வேடிக்கை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-லேயே வந்துவிட்டது. ஆனால் கடைசியில் கைகொடுத்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 418, 419, 420 பிரிவுகள்தான். நம் சினிமாக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த அதே 420!)

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் திருடனைத்தான் பார்ப்பார்கள். காமர்ஸ் படிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. டிவி மீட்கப்படாமல் போயிருந்தால் அந்த நஷ்டம் யாருடைய கணக்குப் புத்தகத்தில் ஏறியிருக்கும்?

கார்டுக்குச் சொந்தக்காரரான அம்மாவின் தலையில் விழாது. அமெரிக்கச் சட்டப்படி அவர் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர்தான். அவருடைய வங்கி தலையிலும் விழாது. கொடுத்த பணத்தை அது கடைக்காரரிடமிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும். இதற்கு 'சார்ஜ்பேக்' என்று பெயர். இணையத்தில் விற்கும் கடைக்காரர் கார்டைக் கண்ணால் பார்ப்பதில்லை, கையெழுத்தும் வாங்குவதில்லை. அதனால் பொருளும் போய், பணமும் போய், மேலே ஓர் அபராதக் கட்டணமும் கட்டிவிட்டு நிற்பவர் அவர்தான். அந்த போட்டோ ஏன் எடுத்தார்கள் என்பது இப்போது புரியும்.

கார்டு மோசடியின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே படித்துவிடலாம். நஷ்டம் யார் தலையில் விழுகிறதோ அவர் ஓடிப்போய்ப் பூட்டு வாங்குகிறார். விழாதவர் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குகிறார். இது எப்படி என்று ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம்.

தபாலில் வந்த பணம்

1958 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 பேருக்குத் தபாலில் ஒரு கார்டு வந்தது. யாரும் விண்ணப்பிக்கவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. பேங்க் ஆஃப் அமெரிக்கா தானாகவே அனுப்பி வைத்தது. 'பேங்க்அமெரிகார்டு' என்ற அந்தக் கார்டுதான் பின்னாளில் 'விசா' ஆனது. ஏறக்குறைய ஓராண்டில் கலிபோர்னியா முழுக்க 20 லட்சம் கார்டுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்துவிட்டன.

ஏன் இப்படி? கடைக்காரர் 'கார்டு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?' என்று கேட்பார். மக்கள் 'வாங்கிக்கொள்ளும் கடை எத்தனை?' என்று கேட்பார்கள். கோழியா முட்டையா கதை. வங்கி முட்டையை மொத்தமாக வீசிப் பார்த்தது.

திருடர்களுக்குக் கொண்டாட்டம். தபால் பெட்டியிலிருந்தே கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தபால்காரரும் கூட்டாளியாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். போலீசுக்கு இது புது மாதிரிக் குற்றமாக இருந்தது. திருட்டு ஒரு பக்கம் இருக்க, உண்மையான வாடிக்கையாளர்களிலும் நிறையப் பேர் பணம் கட்டவில்லை. வங்கி எதிர்பார்த்த நிலுவைக் கணக்குகள் 4 சதவீதம், வந்தது 22 சதவீதம்! 88 லட்சம் டாலர் நஷ்டம் என்று வங்கியே சொன்னது. திட்டத்தைத் தீட்டிய ஜோசப் வில்லியம்ஸ் வேலையை விட்டுப் போனார்.

அடி பட்டது ஒரு வங்கி. பாடம் படித்தார்களா என்றால் அதுதான் இல்லை. 1966-இல் சிகாகோ வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு இதே முட்டாள்தனத்தைச் செய்து, இதேபோல வாங்கிக் கட்டிக்கொண்டன. கேட்காமல் வந்த கார்டு, வழியிலேயே திருட்டுப் போன கார்டு, அதற்கு வீட்டுக்கு வரும் பில்! ஜனங்களின் கோபம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போயிற்று. 1970 அக்டோபரில் சட்டம் வந்தது. கேட்காதவருக்குக் கார்டு அனுப்பக் கூடாது. கார்டு திருடப்பட்டு யாராவது பயன்படுத்தினால் சொந்தக்காரர் பொறுப்பு 50 டாலரோடு சரி.

இந்த 50 டாலர் சாதாரண எண் இல்லை. அதுவரை வாடிக்கையாளர் பக்கம் தள்ளிவிட முடிந்த நஷ்டம் ஒரே கையெழுத்தில் வங்கிகளின் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வங்கிகள் காட்டிய சுறுசுறுப்பைப் பாருங்கள். அதுவரை கடைக்காரர் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் மட்டும் போன் செய்து கேட்பார். மற்றபடி, திருட்டுப் போன கார்டு எண்கள் அச்சிட்ட பட்டியலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது யார் புரட்டப் போகிறார்கள்? 1973-இல் டீ ஹாக் என்பவர் தலைமையில் பேங்க்அமெரிகார்டு அமைப்பு கணினி வழியாக அனுமதி தரும் முறையைக் கொண்டுவந்தது. 1992-இல் எச்.என்.சி. என்ற சான் டியாகோ நிறுவனம் 'ஃபால்கன்' என்ற மென்பொருளை வெளியிட்டது. ஒருவருடைய செலவுப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு, 'இது அந்த ஆள் வாங்குகிற மாதிரி இல்லையே' என்று மூக்கால் மோப்பம் பிடிக்கும் மென்பொருள். இன்று வங்கியிலிருந்து 'இதை நீங்கள்தான் வாங்கினீர்களா?' என்று செய்தி வருகிறதே, அதற்கெல்லாம் இதுதான் தாத்தா.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். கார்டில் இருக்கும் 16 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு எண். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு அது. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் கண்டுபிடித்துவிடும். நிறையப் பேர் இதைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கைப்பிழையைத்தான் பிடிக்கும், கள்ளனைப் பிடிக்காது. கணக்குத் தெரிந்த எவரும் 'சரியான' எண்ணை உருவாக்கலாம்.

கடலுக்கு அந்தப் பக்கம்

அமெரிக்காவின் கதையை மட்டும் படித்தால் 'வங்கிகள் எவ்வளவு நல்லவை' என்று தோன்றும். ஆகவே பிரிட்டனையும் ஒரு பார்வை பார்ப்பது அவசியம்.

அங்கே 1980-90களில் ஏ.டி.எம்.மில் பணம் காணாமல் போனதாகச் சொன்னால் வங்கி ஒரே பதில்தான் வைத்திருந்தது. "எங்கள் கணினி தப்புச் செய்யாது. பின் எண் உங்களிடம்தான் இருந்தது. நீங்களே எடுத்திருப்பீர்கள், இல்லை உங்கள் வீட்டில் யாராவது எடுத்திருப்பார்கள்." 1992-இல் ஒரு போலீஸ்காரர் தன் கணக்கில் 460 பவுண்டு குறைவதாகப் புகார் கொடுத்தார். பணம் திரும்பக் கிடைத்ததா? பொய்ப் புகார் கொடுத்து மோசடி செய்ய முயன்றதாக அவர் மீதே வழக்கு! 1994-இல் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்துவிட்டது. 1996-இல் மேல்முறையீட்டில்தான் விடுதலையானார். கணினியைப் பரிசோதிக்க எதிர்த்தரப்பு நிபுணரை அனுமதிக்க நிதி நிறுவனம் மறுத்ததால், அந்தக் கணினி சொன்ன சாட்சியம் எடுபடாமல் போனது.

இந்த மாதிரி வழக்குகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் 1993-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்தது இதுதான்: அமெரிக்காவில் நிரூபிக்கும் பொறுப்பு வங்கியிடம் இருந்தது, பிரிட்டனில் அது நடைமுறையில் வாடிக்கையாளரிடம் தள்ளப்பட்டிருந்தது. அப்படியானால் பிரிட்டிஷ் வங்கிகளுக்குத்தானே செலவு குறைந்திருக்க வேண்டும்? இல்லையாம். புகார்களைத் தட்டிக்கழித்தே பழகியதால் உள்ளே நடக்கும் திருட்டு கண்ணில் படவில்லை, கவனக்குறைவு வளர்ந்தது. 'பூட்டு வாங்கத் தேவையில்லாதவர் வீட்டில் திருட்டு அதிகம்' என்பதை ஒரு கணினிப் பேராசிரியர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பொருளாதாரம் படிப்பவர்கள் அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

இணையம் வந்தது

1994 ஆகஸ்ட் 11. 'நெட்மார்க்கெட்' என்ற சின்னஞ்சிறு அமெரிக்க நிறுவனம் இணையம் வழியாக ஸ்டிங் என்ற பாடகரின் சி.டி. ஒன்றை விற்றது. விலை 12.48 டாலர், தபால் செலவு தனி. கார்டு எண் மறையாக்கம் செய்யப்பட்டு அனுப்பப்பட்டது. மறுநாள் நியூயார்க் டைம்ஸில் செய்தியே வந்துவிட்டது. (முதல் விற்பனை எங்களுடையதுதான் என்று சொல்லிக்கொள்ள வேறு ஆட்களும் உண்டு.) நிறுவனத்தை நடத்திய டேன் கோனுக்கு அப்போது வயது 21.

அந்தக் காலத்தில் எல்லோரும் பயந்தது ஒரே விஷயத்துக்குத்தான். கார்டு எண் கம்பியில் போகும்போது எவனாவது நடுவில் ஒட்டுக்கேட்டுவிட்டால்? அதற்காக நெட்ஸ்கேப் நிறுவனம் 1995-இல் எஸ்.எஸ்.எல். என்ற முறையைக் கொண்டுவந்தது. பிரவுசரில் தெரியும் பூட்டுப் படத்தின் மூலம் அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர், இயன் கோல்ட்பர்க்கும் டேவிட் வாக்னரும், அதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். ரகசியச் சாவியைக் கணினியின் கடிகார நேரத்தை வைத்து உருவாக்கிக்கொண்டிருந்ததாம் நெட்ஸ்கேப். நேரத்தை ஊகித்தால் சாவியையும் ஊகிக்கலாம். ஓட்டை அடைக்கப்பட்டது, பூட்டும் நாளடைவில் நன்றாகவே பலப்பட்டது.

ஆனால் திருடர்கள் கம்பிப் பக்கம் வரவே இல்லை. ஒவ்வொரு கார்டாக வழியில் மறித்துப் பிடிப்பானேன்? எல்லா எண்களும் குவிந்து கிடக்கும் கிடங்கு இருக்கும்போது!

2000 ஜனவரியில் இது உலகத்துக்குத் தெரிந்தது. சி.டி. யூனிவர்ஸ் என்ற இணையக் கடையிலிருந்து மூன்று லட்சம் கார்டு எண்களை எடுத்துவிட்டதாக 'மேக்சஸ்' என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் சொன்னார். ஒரு லட்சம் டாலர் கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்றார். கடை கொடுக்கவில்லை. அவர் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து, வருகிறவர்களுக்கு எல்லாம் கார்டு எண்களை வாரி வழங்க ஆரம்பித்துவிட்டார். சுமார் 25,000 எண்கள் போன பிறகுதான் அந்தப் பக்கம் மூடப்பட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் இது ஒரு சந்தையாகவே வளர்ந்துவிட்டது. 'ஷேடோகுரூ' என்ற தளத்தில் சுமார் 4,000 உறுப்பினர்கள் திருட்டுக் கார்டு எண்களைக் கொள்முதல், சில்லறை என்று வியாபாரம் செய்தார்கள். 2004 அக்டோபரில் அமெரிக்க ரகசியச் சேவைத் துறை 'ஆபரேஷன் ஃபயர்வால்' நடத்தி அதை மூடியது. உள்ளேயிருந்து காட்டிக்கொடுத்தவர் ஆல்பர்ட் கொன்சாலஸ். 2003-இல் ஏ.டி.எம். வாசலில் பிடிபட்டு, அரசுத் தரப்புக்குத் தாவிய இளைஞர். தகவல் சொல்வதற்காக அரசு அவருக்கு ஆண்டுக்கு 75,000 டாலர் சம்பளம் கொடுத்தது. அவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, இன்னொரு பக்கம் அதுவரை உலகம் பார்த்திராத அளவுக்குக் கார்டு எண்களை லவட்டிக்கொண்டிருந்தார்!

டி.ஜே.எக்ஸ். என்ற அமெரிக்கத் துணிக்கடைக் குழுமம் 2007 ஜனவரியில் திருட்டை அறிவித்தது. முதலில் சொன்ன கணக்கே 4.57 கோடி கார்டுகள். உள்ளே போன வழி, கடைகளில் இருந்த வயர்லெஸ் இணைப்பு. சில நிமிடங்களில் உடைக்கலாம் என்று உலகத்துக்கே தெரிந்திருந்த பழைய பாதுகாப்பு முறையில் அது ஓடிக்கொண்டிருந்தது. 2009 ஜனவரி 20-ஆம் தேதி, ஒபாமா பதவியேற்ற அதே நாளில், ஹார்ட்லேண்ட் என்ற கட்டணப் பரிவர்த்தனை நிறுவனம் தன் திருட்டை அறிவித்தது. (அன்று அறிவித்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணமோ என்னவோ!) அங்கே போனது 13 கோடி கார்டுகள். இரண்டிலும் கொன்சாலஸ் கை இருந்தது. அவர் பெற்றோர் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் ரொக்கம் புதைத்து வைத்திருந்தார். 2010 மார்ச்சில் 20 ஆண்டு சிறைத் தண்டனை.

இங்கேதான் அந்தக் கேள்வியை மறுபடி எடுக்க வேண்டும். இவ்வளவு பெரிய நிறுவனங்கள் ஏன் கதவைத் திறந்து போட்டிருந்தன? கார்டு எண் திருடு போவது 'அ' கடையில். அதை வைத்துக் கள்ளத்தனமாகப் பொருள் வாங்குவது 'ஆ' கடையில். சார்ஜ்பேக் அடி விழுவது 'ஆ' தலையில். 'அ' கடையின் லாப நஷ்டக் கணக்கில் ஒரு வரி கூட மாறாது! தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் கலந்தால் கீழே இருக்கும் ஊர்க்காரன் நோய்வாய்ப்படுவதைப் போல. பாடப் புத்தகத்தில் புறவிளைவு என்று படிப்பது இதைத்தான்.

இதைச் சரிசெய்யத்தான் 2004 டிசம்பரில் கார்டு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பி.சி.ஐ. என்ற பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தன. கார்டு விவரத்தை அலட்சியமாக வைத்திருந்தால் அபராதம். முக்கியமாக, கார்டின் பின்புறம் இருக்கும் சி.வி.வி. எண்ணை ஒரு பரிவர்த்தனைக்கு அனுமதி கிடைத்த பிறகு எந்தக் கடையும் சேமித்து வைக்கவே கூடாது. கிடங்கைக் கொள்ளையடித்தாலும் அந்த மூன்று இலக்கம் கிடைக்காது என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் புகுந்தவர்கள் கிடங்கை நம்பி இருக்கவில்லை. பணம் கட்டும் பக்கத்தில் சில வரி நிரலைச் செருகிவிட்டார்கள். பயணிகள் தட்டச்சுச் செய்யும்போதே எண், சி.வி.வி. எல்லாம் சேர்ந்து திருடனுக்கும் ஒரு பிரதி போனது. பூட்டுப் படம் பளிச்சென்று தெரிந்துகொண்டுதான் இருந்தது. 2020-இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அந்த நிறுவனத்துக்கு இரண்டு கோடி பவுண்டு அபராதம் போட்டார். கசியவிட்டவர் தலையில் நஷ்டத்தை எழுதினால்தான் கவனம் வரும் என்ற அதே கணக்கு.

நம்மூர் வழி

மோசடியைத் தடுக்க இன்னொரு வழியும் இருந்தது. கார்டு எண் தெரிந்தால் போதாது, சொந்தக்காரர்தான் என்று தனியாக நிரூபிக்கவும் வேண்டும். 1990களின் பின்பாதியில் விசாவும் மாஸ்டர்கார்டும் 'செட்' என்ற பெயரில் இதை முயன்றன. வாடிக்கையாளர் தன் கணினியில் தனி மென்பொருள் நிறுவி, மின்சான்றிதழ் வாங்கி... யார் செய்வார்கள்? படுத்துவிட்டது. 2001 வாக்கில் விசா '3-டி செக்யூர்' என்ற எளிய முறையுடன் வந்தது. பணம் கட்டும்போது வங்கியின் பக்கம் ஒன்று திறக்கும், அதில் கடவுச்சொல் போட வேண்டும். கடைக்காரர்களை இழுக்க ஒரு தூண்டிலும் போட்டார்கள். இந்த முறையைப் பயன்படுத்தினால் மோசடி நஷ்டம் கடைக்காரரிடமிருந்து கார்டு கொடுத்த வங்கிக்கு மாறிவிடும்!

அமெரிக்கக் கடைக்காரர்கள் இதற்கும் பெரிதாக மயங்கவில்லை. கூடுதலாக ஒரு பக்கம் திறந்தால் வாங்க வந்தவர் பாதியில் ஓடிவிடுவார், அந்த நஷ்டம் மோசடி நஷ்டத்தைவிடப் பெரிது என்று கணக்குப் போட்டார்கள். இந்தியாவில் கணக்குப் போடும் வேலையை யாரிடமும் விடவில்லை. 2009 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 1 முதல் இணையத்தில் கார்டு பயன்படுத்தினால் கார்டில் அச்சிடாத ஒரு கூடுதல் ரகசியம் கட்டாயம். முதலில் நிலையான கடவுச்சொல், பிறகு செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. உலகத்தில் இதை இவ்வளவு சீக்கிரம் கட்டாயமாக்கிய பெரிய நாடுகள் குறைவு. 2014-இல் ஊபர் வெளிநாட்டு வழியாகப் பணம் வசூலித்து இந்த விதியைத் தாண்டியபோது ரிசர்வ் வங்கி விடவில்லை. ஆகஸ்டில் சுற்றறிக்கை, அக்டோபர் 31 வரை கெடு. ஊபர் பேடிஎம் பணப்பைக்கு மாறியது.

2002-இல் நொய்டாவில் நடந்தது இந்தியக் கார்டில், இந்தியக் கடையில் இனி நடக்காது. கால் சென்டர் ஊழியருக்கு எண் தெரிந்தாலும் ஓ.டி.பி. வேண்டுமே! 2022 அக்டோபர் முதல் கடைகள் கார்டு எண்ணைச் சேமிக்கவே கூடாது, அதற்குப் பதில் 'டோக்கன்' என்ற மாற்று எண்தான் என்ற விதியும் வந்துவிட்டது. கிடங்கே காலி.

அப்படியானால் திருடன் எங்கே போவான்? கம்பி பூட்டியிருக்கிறது, கிடங்கு காலி. மிச்சம் இருப்பது சாவி வைத்திருக்கும் ஆள்தான்.

"சார், பேங்க்லேர்ந்து பேசுறோம். உங்க கார்டு இன்னைக்கு பிளாக் ஆகப்போகுது. ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க..." இந்தக் குரலைக் கேட்காத குடும்பம் இன்று உண்டா? ரிவார்டு பாயிண்ட் என்பார்கள், கே.ஒய்.சி. என்பார்கள், பார்சல் திரும்பிவிட்டது என்பார்கள், திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். எல்லாம் அந்த ஆறு இலக்கத்துக்காக.

இதில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. பணம் போனபின் வங்கிக்குப் போனால் "ஓ.டி.பி. உங்கள் போனுக்குத்தானே வந்தது? நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்கிறார்கள். 1990களில் பிரிட்டிஷ் வங்கிகள் பின் எண்ணைக் காட்டிச் சொன்ன அதே வசனம்! பூட்டு நல்ல பூட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பூட்டு வந்த வேகத்தில் நஷ்டமும் சத்தமில்லாமல் வாடிக்கையாளர் பக்கம் நகர்ந்துவிட்டது.

2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதில் ஒரு பாதியைத் திருத்தியது. தப்பு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் கூடப் பொறுப்பில்லை. தப்பு வங்கியுடையதும் இல்லை, வாடிக்கையாளருடையதும் இல்லை, நடுவில் எங்கோ கசிந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் அப்போதும் பொறுப்பில்லை. நான்கு முதல் ஏழு நாட்கள் ஆனால் ஒரு வரம்பு வரை பொறுப்பு. ஐந்து லட்சம் வரை கடன் வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு அது 10,000 ரூபாய். ரகசிய எண்ணை வாடிக்கையாளரே சொல்லிவிட்டால் புகார் கொடுக்கும் வரை போன பணம் அவருடையது, புகார் கொடுத்த நிமிடத்துக்குப் பிறகு போவது வங்கியுடையது. எல்லாவற்றையும்விட முக்கியமான வரி ஒன்று அதில் இருக்கிறது. வாடிக்கையாளர் மீதுதான் தப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியைச் சேர்ந்தது. அந்த பிரிட்டிஷ் போலீஸ்காரருக்குக் கிடைக்காமல் போன வரி! (விதிகள் அவ்வப்போது திருத்தப்படும். அவரவர் வங்கியின் இன்றைய கொள்கையை ஒருமுறை படித்து வைப்பது நல்லது.)

ஆக, சட்டம் கடிகாரத்தை வைத்து நஷ்டத்தைப் பங்கு போடுகிறது. ஆகவே கார்டு வைத்திருப்பவர் செய்ய வேண்டியதெல்லாம் இந்தக் கடிகாரத்தைச் சுற்றியேதான். வங்கியில் இருப்பது இப்போது பயன்படுத்தும் செல்போன் எண்தானா? பழைய எண்ணுக்குச் செய்தி போனால் மூன்று நாள் எப்போது ஓடியது என்றே தெரியாது. ஓ.டி.பி. செய்தியில் எண்ணோடு தொகையும் கடையின் பெயரும் இருக்கும், அதைப் படித்த பிறகே எண்ணைப் போட வேண்டும். அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் ஆறு இலக்கத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓ.டி.பி. இல்லாமலே கார்டு எண்ணை வைத்து வாங்க முடியும். அதனால்தான் 2020 முதல் வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு இரண்டையும் தனித்தனியாக அணைத்து வைக்கும் வசதியை வங்கிகள் தந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அமெரிக்காவில் சித்தப்பா பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கும் அன்று மட்டும் திறந்தால் போதும். கார்டு வரம்பையும் செயலியிலேயே குறைத்து வைக்கலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் போன், கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு. கூகுளில் தேடி எடுக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு வேண்டாம், அதில் திருடர்கள் போட்டு வைத்தவையும் உண்டு. கார்டை முடக்கச் சொல்லி, புகார் எண்ணும் நேரமும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த போன் 1930-க்கு. எழுத்து மூலம் ஒரு மின்னஞ்சலும் வங்கிக்கு அனுப்பிவிட வேண்டும், ஏனென்றால் 2017 சுற்றறிக்கைப்படி புகார் போன நாளிலிருந்துதான் கணக்கு. பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாகத் திரும்ப வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் யார் பொறுப்பு என்று முடிவு சொல்ல வேண்டும். கிளையில் "பார்க்கலாம் சார், அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால் அந்தச் சுற்றறிக்கையின் தேதியைச் சொல்லிப் பாருங்கள், நாற்காலி போடுவார்கள்.